மூன்றா, நான்கா? பள்ளிக்குக் கேமரா வாங்கும் முன்…



எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிற்றுண்டிச்சாலை தினத்தில் திரட்டிய தொகையில் ஒரு பகுதியைப் பள்ளிக்கு ஒரு நல்ல கேமரா வாங்குவதற்கென ஒதுக்கியுள்ளது. பள்ளி ஆண்டிதழையும் புகைப்படக் கழகத்தையும் நான் கவனித்து வருவதால், எதை வாங்கலாம் என்ற கேள்வி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கேமராக்கள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று, சோனி நிறுவனம் 2018 பிப்ரவரியில் அறிவித்த ஏ7 மார்க் 3. மற்றொன்று, அதே வரிசையில் 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஏ7 மார்க் 4. முன்னது இன்று பயன்படுத்திய நிலையில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. பின்னதைப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்பது சங்கத்தில் பலருடைய விருப்பம்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மார்க் 3-ஐ வாங்கி, மிச்சப்படும் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்க வேண்டும். இவ்வாறு சொன்னதும் கடந்த கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து கேட்டார்: "சார், எப்பப் பார்த்தாலும் தமிழ்ப்பள்ளிக்குப் பழசுதானா? மேசை பழசு, கணினி பழசு, இப்ப கேமராவும் பழசா?" கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. தோட்டப்புறப் பள்ளியில் படித்தவன் நான். யாரோ பயன்படுத்தி முடித்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தவனுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்த் தைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

நான் வைத்திருப்பது மார்க் 3. சொந்தப் பணத்தில், இரண்டாம் கையாக வாங்கியது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது திருமணப் படங்கள் எடுக்கும் தொழிலில் இருக்கிறார். அவர் தம்முடைய மார்க் 4-ஐ இரண்டு வாரங்களுக்கு என்னிடம் தந்துவைத்தார். பள்ளி விளையாட்டுப் போட்டியும் மண்டபத்தில் நடந்த பரிசளிப்பு விழாவும் அந்த இரண்டு வாரங்களுக்குள் வந்தன. ஒரே நாளில், ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பொருத்தி இரண்டிலும் படமெடுத்துப் பார்த்தேன். ஆகவே விளம்பரத்தாளைப் படித்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் எல்லாரும் பிடித்துக்கொள்ளும் எண்ணுக்கு வருவோம். மார்க் 3 எடுப்பது 24 மெகாபிக்சல் படம். மார்க் 4 எடுப்பது 33 மெகாபிக்சல். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் படத்தின் நீள அகலத்தைப் பாருங்கள். முன்னது 6000க்கு 4000 புள்ளிகள், பின்னது 7008க்கு 4672. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கூடுதல் 17 விழுக்காடுதான். ஆண்டு ஐந்துக் கணிதத்தில் பரப்பளவு படிக்கும் பிள்ளையே இதைக் கண்டுபிடித்துவிடும். நம் ஆண்டிதழ் ஏ4 அளவு. அதன் முழுப் பக்கத்தையும் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். அதைவிட இருமடங்கு பெரிய ஏ3 தாளுக்கு 17 அல்லது 18. அதாவது பழைய கேமராவின் படமே நம் அறிவிப்புப் பலகையில் நாம் ஒட்டக்கூடிய மிகப் பெரிய தாளையும் நிரப்பி மிஞ்சுகிறது. 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மார்க் 5-கூட 33 மெகாபிக்சலில்தான் நிற்கிறது என்பதையும் கருத வேண்டும்.

கூடுதல் புள்ளிகளுக்கு ஒரு செலவும் உண்டு. சுருக்கிப் பதியும் ரா கோப்பு ஒன்று மார்க் 3-இல் ஏறத்தாழ 24 மெகாபைட், மார்க் 4-இல் 33-ஐத் தாண்டும். விளையாட்டுப் போட்டியன்று இரண்டாயிரம் படங்கள் எடுத்தேன் என்று வையுங்கள். பள்ளி அலுவலகத்தில் உள்ள மடிக்கணினியில் அவற்றைத் திறந்து பார்த்த அனுபவம் உடையவர்களுக்கு நான் மேலே எழுத வேண்டியதில்லை!

சரி, புதியதில் மேன்மையே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

முகத்தைத் தேடிப் பிடிப்பதில் மார்க் 4 ஒரு படி மேலே நிற்கிறது. பழைய கேமராவிலும் கண்ணைக் கண்டுபிடித்துக் கூர்மையாக்கும் வசதி உண்டு. 2019 ஏப்ரலில் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பின், அதற்கெனத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டிய தேவையும் இல்லாமற்போனது. ஆனால் ஓட்டப் பந்தயத்தில் ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் நம்மை நோக்கி ஓடிவரும்போது, நான் குறிவைத்த பிள்ளையை விட்டு மற்றொரு பிள்ளைக்குத் தாவுவது மார்க் 3-இல் அவ்வப்போது நடக்கும். மார்க் 4 பெரும்பாலும் பிடித்த பிள்ளையை விடுவதில்லை. வீடியோ எடுக்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவு. கண்ணைத் தொடரும் வசதி பழையதில் படத்துக்கு மட்டுமே, வீடியோவில் முகத்தைத் தேடுவதோடு அது நின்றுவிடும். புதியதில் இரண்டிலும் உண்டு.

திரையும் மாறியிருக்கிறது. மார்க் 3-இன் பின்திரை மேலும் கீழும் மட்டும் சாயும். மார்க் 4-இன் திரை பக்கவாட்டில் திறந்து முன்புறமாகவும் திரும்பும். உதவிக்கு ஆளில்லாமல் தனியாக நின்று பாடத்தைப் பதிவு செய்யும் ஆசிரியருக்கு இது பெரிய வரம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டிலிருந்தே கற்பித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். எத்தனை முறை நம் தலை பாதி வெட்டுப்பட்ட காணொளிகளை மாணவர்களுக்கு அனுப்பினோம்! மார்க் 4-ஐ யூ.எஸ்.பி. கம்பி வழியே கணினியில் இணைத்தால் அப்படியே வெப்கேமராவாகவும் வேலை செய்யும். பழையதற்கு அதற்கென ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை அவர்களுடைய கண்ணின் உயரத்திலிருந்து எடுக்க நான் அடிக்கடி குனிவேன். அவ்வேளையில் கேமராவை இடுப்பளவில் பிடித்து, திரையைச் சற்றே மேலே சாய்த்துப் பார்ப்பதற்குப் பழைய அமைப்புதான் எனக்கு விரைவாக இருக்கிறது. பக்கவாட்டில் திறந்து, பின் திருப்பி, அதன் பிறகு எடுப்பதற்குள் பிள்ளை சிரித்து முடித்துவிடுகிறது. இது என் பழக்கம்கூட இருக்கலாம்.

மெனுவைப் பற்றி ஒரு சொல். மார்க் 3-இன் மெனு ஒரு காடு. எதை எங்கே வைத்தார்கள் என்று தேடியே பாதி நேரம் போய்விடும். திரையைத் தொட்டும் அதைத் தேர்ந்தெடுக்க இயலாது. மார்க் 4-இல் அதை ஒழுங்குபடுத்திவிட்டார்கள், தொட்டும் இயக்கலாம். புகைப்படக் கழகத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த ஒன்றுக்காகவே நான் ஒரு நாள் முழுவதும் மனம் ஊசலாடினேன்.

இனி நேரக் கட்டுப்பாடு. மார்க் 3 ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிதான் வீடியோ பதிவு செய்யும். 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்கத்துறை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் வரி விதித்து வந்ததால் உண்டான வரம்பு இது. மார்க் 4-இல் அந்த வரம்பு இல்லை. எங்கோ ஐரோப்பாவில் எழுதப்பட்ட சுங்க விதி நம் பள்ளி மேடையில் என்ன செய்யும் என்கிறீர்களா? 2022-ஆம் ஆண்டின் விருதளிப்பு விழாவில் மாணவர்கள் ஒரு நாடகம் நடித்தார்கள். என் கேமராவை முக்காலியில் நிறுத்திப் பதிவைத் தொடங்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஒப்பனைக்கு உதவப் போய்விட்டேன். நாடகம் 34 நிமிடம் ஓடியது. அதில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு வாயிற்காவலன் வேடம். இறுதிக் காட்சியில் வந்து நான்கு வரி பேசுவான். மூன்று வாரம் அந்த நான்கு வரிகளை மனப்பாடம் செய்தவன் அவன். அவன் வரும் முன்பே பதிவு நின்றுவிட்டது. கையேட்டைப் படிக்காதது என் பிழை. அவனுடைய தாய் கைப்பேசியில் எடுத்திருந்ததால் அன்று தப்பித்தேன். இப்போது 25-ஆம் நிமிடத்தில் நிறுத்தி மீண்டும் தொடங்கும்படி ஒரு மாணவனுக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறேன். கைக்கடிகாரத்தோடு அவன் முக்காலி அருகில் நிற்பதைப் பார்த்தால் ஒரு காவல் அதிகாரி போல இருக்கும்.

வீடியோவின் நிறத்தரமும் புதியதில் கூடுதல். பழையது 8 பிட், புதியதில் 10 பிட் வரை பதியலாம். திரைப்படம் எடுப்பவருக்கு இது மிகவும் தேவை. ஆனால் அந்த உயர்தரக் கோப்புகளைப் பழைய கணினிகள் திணறித்தான் ஓட்டும். வெட்டி ஒட்ட நமக்கு நேரமும் இல்லை. மின்கலம் இரண்டுக்கும் ஒன்றே. ஆயினும் திரையைப் பார்த்து எடுத்தால் ஒரு முறை ஏற்றியதில் மார்க் 3 ஏறத்தாழ 710 படங்களும், மார்க் 4 ஏறத்தாழ 580 படங்களும் எடுக்கும் என்பது தரநிலைக் கணக்கு. நொடிக்குப் பத்துப் படம் என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது. புதியதில் தரம் இழக்காத ரா கோப்பாக எடுத்தால் அந்த வேகம் ஆறு அளவுக்குக் குறைந்துவிடும். எடை 650 கிராமும் 658 கிராமும். கைப்பிடி மட்டும் புதியதில் ஆழமாக, வசதியாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஏன் மார்க் 3 என்கிறேன்?

ஏனெனில் நம் பள்ளியின் உண்மையான சிக்கல் இருட்டு. திடலில் வெயிலில் எடுக்கும் படங்கள் எந்தக் கேமராவிலும் நன்றாகவே வரும். கைப்பேசியும் போதும். நம்முடைய முக்கிய நிகழ்வுகள் எல்லாம் நடப்பது மண்டபத்தில். பரிசளிப்பு, பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, ஆசிரியர் தினம், பொங்கல் விழா என அனைத்தும் அங்கேதான். மேலே நான்கு குழல்விளக்குகள், மேடையில் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகள், பின்னால் திறந்த கதவுகளின் வழியே கண்ணைக் கூசும் வெயில். இந்த இடத்தில் படத்தின் தலையெழுத்தை நிர்ணயிப்பது கேமரா பாடியைக் காட்டிலும் லென்ஸ்தான்.

இரண்டு கேமராக்களோடும் தொகுப்பாகத் தரப்படும் கிட் லென்ஸ் ஒன்றேதான். 28-70 மி.மீ., எஃப் 3.5-5.6. அதை 70-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். சோனியின் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை அதோடு ஒப்பிடுங்கள். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வரும் விடையை அதே எண்ணால் பெருக்கினால் 9.7 கிடைக்கும். அதாவது ஒன்பது மடங்குக்கும் மேலான வெளிச்சம் சென்சாரை அடைகிறது. கிட் லென்ஸோடு ஐ.எஸ்.ஓ. 12800 வைத்து எடுத்த அதே படத்தை, இந்த லென்ஸோடு 1600-க்கும் கீழே வைத்து எடுக்கலாம். மார்க் 3-இலிருந்து மார்க் 4-க்கு மாறினால் இந்த ஒன்பது மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. இரண்டின் வழக்கமான ஐ.எஸ்.ஓ. எல்லையும் 51200-தான். ஒளி இருள் வேறுபாட்டைத் தாங்கும் அளவு இரண்டுக்கும் 15 ஸ்டாப் என்றுதான் நிறுவனமே சொல்கிறது. ஒரே அளவில் அச்சிட்டு அருகருகே வைத்தால் இருட்டில் எடுத்த படங்களின் மணல் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிகிறது. நான் அச்சிட்டுப் பார்த்தேன்.

விலையைப் பாருங்கள். வெளிவந்த காலத்தில் மார்க் 3 அமெரிக்காவில் ஏறத்தாழ 2000 டாலர், மார்க் 4 ஏறத்தாழ 2500 டாலர். அந்த 85 மி.மீ. லென்ஸ் 2017-இல் வந்தபோது ஏறத்தாழ 600 டாலர். இரண்டும் புதியனவாக இருந்தபோதே பாடிகளின் விலை வேறுபாடு அந்த லென்ஸின் விலையில் பெரும்பகுதியை ஈடுசெய்யும் அளவில் இருந்தது. இன்று மார்க் 3-ஐப் பயன்படுத்திய நிலையில் வாங்கினால் இடைவெளி இன்னும் அகலம். நான் விசாரித்த வரையில், சங்கம் ஒதுக்கிய தொகைக்குள் மார்க் 4-ஐ வாங்கினால் கிட் லென்ஸோடு நின்றுவிட வேண்டியதுதான். மார்க் 3 என்றால் 85 மி.மீ. லென்ஸ், இரண்டு மெமரி கார்டுகள், ஈரம் புகாத பெட்டி எல்லாம் அடங்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவனுக்குத் தமிழ்மொழிப் பாடத்தில் முதற்பரிசு. பரிசு பெறும் பிள்ளையோடு பெற்றோரும் மேடையேறலாம் என்று அறிவித்திருந்தோம். லாரி ஓட்டும் அவனுடைய தந்தை வேலையிலிருந்து நேரே வந்தவர், தயங்கித் தயங்கி மேடையேறினார். ஏறியதும் அவையைப் பார்த்துக் கைகூப்பினார். நான்தான் படமெடுத்தேன். பள்ளியில் அப்போதிருந்த கேமரா, அதனோடு வந்த கிட் லென்ஸ், ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு. மகன் அசையாமல் நின்றதால் அவன் முகம் தெளிவாக விழுந்தது. தந்தை கைகூப்பியபடி திரும்பியதால் அவர் முகம் ஒரு கோடாக இழுபட்டுவிட்டது. அன்று அதை நான் பெரிதாக எண்ணவில்லை. பையன் நன்றாக விழுந்திருக்கிறான் என்று ஆண்டிதழில் போட்டோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். கணவர் மாரடைப்பால் இறந்திருந்தார். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வீட்டில் நல்ல படம் எதுவும் இல்லை. "சார், அன்னைக்கு மேடையில எடுத்தீங்களே, அத கொஞ்சம் பெருசு பண்ணித் தாங்க" என்றார். நான் கோப்பைத் தேடியெடுத்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தக் கோடுதான் பெரிதாயிற்று. அண்மையில் என் முன்னாள் மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அப்படத்தைச் செலுத்திக் கூர்மையாக்கிக் கொடுத்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் தெளிவாக வந்தன. அந்த அம்மையார் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது அவரு இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது 33 மெகாபிக்சல் அன்று. முப்பதில் ஒரு பங்குக்குப் பதில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் தேவைப்பட்டது. அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். எஃப் 1.8 லென்ஸ் அதைத் தந்திருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

லென்ஸைப் பற்றி ஆதரவாகவே பேசிவிட்டேன். அதன் குறையையும் சொல்ல வேண்டும். வாயை முழுதும் திறந்து ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் கூர்மை ஏறத்தாழ 35, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும். முன்வரிசைப் பிள்ளை தெளிவாகவும் பின்வரிசைப் பிள்ளை மங்கலாகவும் விழும். வகுப்புப் படத்துக்கு எஃப் 5.6 அல்லது 8 வைத்து, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கிட் லென்ஸே போதும். 85 மி.மீ. சிறிய வகுப்பறைக்குள் ஒத்துவராது, சுவரில் முதுகு இடிக்கும். மண்டபத்தில் மேடைக்கு எட்டு மீட்டர் முன்னால் நின்றால் இரண்டு பிள்ளைகளும் அவர்கள் கையில் உள்ள கோப்பைகளும் தலை முதல் கால் வரை அழகாக அடங்கும்.

ஓசையில்லாமல் எடுக்கும் மின்னணு ஷட்டரை மண்டபத்தில் பயன்படுத்த வேண்டாம் என்றும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டு கேமராக்களிலும் சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகவே வாசிக்கப்படுகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதில் எரியும் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். படத்தின் குறுக்கே வரிவரியாகப் பட்டை விழும். பேச்சுப் போட்டியில் பிள்ளையின் கவனம் கலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நான் ஒருமுறை அப்படி எடுத்து, அத்தனை படங்களையும் இழந்தேன். புதிய கேமரா வாங்கினாலும் இத்தொல்லை தீராது.

பயன்படுத்தியதை வாங்குவதில் ஆபத்தில்லையா என்ற கேள்விக்கு: உண்டு. ஆகவே பார்த்து வாங்க வேண்டும். மார்க் 3-இன் ஷட்டர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். திருமணத் தொழிலில் உழைத்த பாடியை விட, வீட்டில் பொழுதுபோக்காக வைத்திருந்தவரின் பாடி மேல். கடை உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். லென்ஸைக் கழற்றி வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் படமெடுத்துப் பார்த்தால்… மன்னிக்க, லென்ஸை மாட்டித்தான் எடுக்க வேண்டும், சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். (மார்க் 4-இல் கேமராவை அணைத்ததும் ஷட்டர் மூடிச் சென்சாரைக் காக்கும்படி அமைக்கலாம். பழையதில் அது இல்லை. திடலில் லென்ஸ் மாற்றக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியதுதான்.)

எந்தக் கேமராவை வாங்கினாலும் அதைத் தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் பூட்டிவைத்தால் ஓராண்டில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நாடு இது. 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். முன்பு நம்மிடம் இருந்த கேமரா எப்படி அழிந்தது என்று பழைய ஆசிரியர்கள் அறிவார்கள். அது பழுதாகவில்லை, யாரும் தொடாமல் பத்திரமாகப் பூட்டிவைத்தே பாழானது. விலை கூடிய பொருளை வாங்கினால் அதைத் தொடவே அஞ்சுவோம் என்பது என்னுடைய மற்றோர் அச்சம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கையில் மார்க் 3-ஐக் கொடுத்துத் திடலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரும். மார்க் 4-ஐக் கொடுக்க நான் இரண்டு முறை யோசிப்பேன், தலைமையாசிரியர் யோசிக்கவே மாட்டார்!

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. பழையதை நம் தலையில் கட்டுவது வேறு, நாமே எண்ணிப் பார்த்து ஒரு பழைய பாடியைத் தேர்ந்தெடுப்பது வேறு. 2013-இல் முதல் ஏ7 வந்ததிலிருந்து இந்த வரிசையின் லென்ஸ் வாய் மாறவில்லை. இன்று வாங்கும் லென்ஸ் நாளை மார்க் 4-இலும் மார்க் 5-இலும் அப்படியே பொருந்தும். ஆகவே லென்ஸைப் புதியதாகவே வாங்குவோம், பெட்டியை உங்கள் கையாலேயே பிரியுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மார்க் 4-இன் விலை இறங்கும்போது பாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பள்ளியில் வீடியோ வேலை மிகுதியாக இருந்தால், அல்லது ஒதுக்கிய தொகை இருமடங்காக இருந்தால், நானே மார்க் 4-க்குக் கை உயர்த்தியிருப்பேன். அண்டைப் பள்ளி ஒன்றில் இணையவழிப் பாடப் பதிவுகளைத் தொடர்ந்து செய்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டபோது மார்க் 4 என்றுதான் சொன்னேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. பரிசளிப்பு விழாவில் ஒரே மாணவியை எடுத்த மூன்று படங்களை ஏ3 தாளில் அச்சிட்டுக் கொண்டுவருவேன். ஒன்று மார்க் 4-உம் கிட் லென்ஸும், ஒன்று மார்க் 3-உம் கிட் லென்ஸும், ஒன்று மார்க் 3-உம் நண்பரிடம் இரவல் வாங்கிய 85 மி.மீ. லென்ஸும். பின்புறத்தில் எண் மட்டும் எழுதியிருப்பேன். எது எதுவென்று சொல்லாமல் மேசையில் வைத்துவிடுகிறேன், பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.